கைமாற்றுப் பிள்ளைகள்

அக்கா ஆறு பிள்ளைகளைக் கைமாற்றாகக் கேட்டபோது நான் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பள்ளியின் புதிய மாடிக் கட்டிடத்தில் பெயர் எழுத வந்த பெயிண்டர், எழுத்துகள் சாய்கின்றன என்று நான் சொன்னதை ஒப்புக்கொள்ளவில்லை. எழுத்து நேராகத்தான் இருக்கிறது, சுவர்தான் சாய்கிறது என்றார். இதற்குமேல் ஒரு தலைமையாசிரியன் கீழே நின்று வாதாட முடியாது. ஏறினேன். பாதி ஏறிய பிறகு, எனக்கு உயரம் ஒத்துக்கொள்ளாது என்பது நினைவுக்கு வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் போன்.

"டேய், எங்கடா இருக்க?"

"மேல, அக்கா. ஏணியில."

"நீ மேல போய் ரொம்ப நாளாச்சு. இறங்கிட்டுக் கூப்பிடு."

இந்த உலகத்தில் என்னை டேய் என்று கூப்பிட மிச்சமிருப்பவள் அக்கா ஒருத்திதான். பெற்றவர்கள் போய்விட்டார்கள். கூடப் படித்தவர்கள், தங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் பள்ளியில் இடம் தேவைப்பட்ட நாளிலிருந்து என்னை சார் ஆக்கிவிட்டார்கள். அக்காவுக்கு மட்டும் இடம், ஏவல், மைக் எதுவும் கணக்கில்லை. எனக்குப் பாராட்டு விழா நடந்தபோது, மேடையில் பெரிய மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, மாலை போட வந்தவள் "டேய், மேல் பித்தானைப் போடுடா" என்றாள். மைக் அதையும் சேர்த்து ஊருக்கு அறிவித்தது.

அக்காவும் தலைமையாசிரியைதான். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் அவளுடைய தொடக்கப் பள்ளி, இந்தப் பக்கம் என்னுடையது. அவள் பள்ளியில் தலைமையாசிரியை, உதவி ஆசிரியை, மணி அடிப்பவர், மூக்கு துடைத்துவிடுபவர் எல்லாம் அவளே.

இறங்கி வந்து கூப்பிட்டேன். அடுத்த புதன்கிழமை அதிகாரி தலை எண்ண வருகிறாராம். இருபது பிள்ளைகளுக்குக் குறைந்தால் பள்ளியை மூடி, பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். அவளிடம் இருப்பது பதினாலு.

"ஆறு பேரைக் குடுடா. சாயங்காலமே திருப்பிடறேன், கீறல் விழாம."

பாத்திரம் கேட்பதுபோல் கேட்டாள். நானும் பாத்திரம் கொடுப்பவனைப்போலவே, "அதுக்கென்னக்கா, அனுப்பிடறேன்" என்றேன். வேறு எதுவும் சொல்ல எனக்கு வாயில்லை. இந்தக் கைமாற்றைத் தொடங்கிவைத்தவளே அவள்தான். தொடங்கியதும் எனக்காகத்தான்.

அப்போது எங்கள் பள்ளிக்கு இரண்டே அறை, தகரக் கூரை. மழை பெய்தால் நான் கத்துவது எனக்கே கேட்காது. கரும்பலகையில் 'மழை' என்று எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். மொத்தப் பிள்ளைகளையும் ஒரே பாயில் உட்காரவைக்கலாம் என்ற நிலை. அதிகாரி எண்ண வருகிறார் என்று தெரிந்ததும் அக்கா வீட்டுக்குப் போய் அழுதேன். அழுதேன் என்பது கொஞ்சம் மிகை. மூக்கு மட்டும் ஒழுகியது. மறுநாள் காலை, அக்கா தன் பள்ளியிலிருந்து ஒரு வரிசைப் பிள்ளைகளைத் தண்டவாளம் தாண்டிக் கூட்டிவந்து என் பெஞ்சுகளில் உட்காரவைத்துவிட்டுப் போனாள். அந்த நாளில் அவளிடம் பெஞ்சு போதாமல் பாதிப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள்.

அதிகாரி உள்ளே வந்து எத்தனை பேர் என்று கேட்டதுதான் தாமதம், அக்காவின் பிள்ளைகளில் ஒருத்தி எழுந்து "ஒண்ணு" என்றாள். பக்கத்துப் பையன் "ரெண்டு" என்றான். அது அவர்கள் பள்ளியின் பழக்கம். அங்கே பெயர் கூப்பிட்டு வருகை எடுப்பதில்லை. சிறிசிலிருந்து பெரிசுவரை வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு எண்ணாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். கடைசி எண்ணை அக்கா கரும்பலகையின் மூலையில் எழுதுவாள். தண்டவாளத்தை ஒட்டிய பள்ளி என்பதால், ஒரு பிள்ளைகூடக் கண்ணுக்குத் தப்பக்கூடாது என்று அவள் கொண்டுவந்தது. அன்றைக்கு என் பிள்ளைகளும் விளையாட்டுப்போல் அதில் சேர்ந்துகொண்டார்கள். எண்ணிக்கை தேறிவிட்டது. அதிகாரி அசந்துபோய், இது உங்கள் சொந்த முறையா சார் என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை. பிறகு இரண்டு பயிற்சிக் கூட்டங்களில் அந்த முறையைப் பற்றி உரையாற்றியும் இருக்கிறேன்.

பிழைத்த பள்ளி வளர ஆரம்பித்தது. எப்படி வளர்ந்தது என்று கேட்டால் மேடையில் கல்வித் தரம் என்பேன். உண்மையில் வளர்த்தது தாழ்ப்பாள். ஒரு கோடை விடுமுறையில், ஏதோ சும்மா இருக்க முடியாமல், கழிப்பறைக் கதவுகளுக்கெல்லாம் புதுத் தாழ்ப்பாள் போட்டேன். அடுத்த மாதமே பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் வந்து சேர்க்கை கேட்டார்கள். பாடத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய், கதவை மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார்கள். அக்கா பள்ளியில் அப்போதும் ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொரு பிள்ளை வெளியே நின்று காவலுக்குப் பாட்டுப் பாடும். டஜனாக வாங்கியதில் இரண்டு தாழ்ப்பாள் மிஞ்சியது. அக்காவுக்குக் கொடுக்க வேண்டும் என்று மேசை இழுப்பறையில் போட்டுவைத்தேன். இன்னும் பத்திரமாக இருக்கின்றன.

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. தகரம் போய் தளம் வந்தது. ஆங்கில வழி வகுப்பு வந்தது. எலாஸ்டிக் வைத்த டை வந்தது. பிள்ளைகள் அதை இழுத்து விட்டு அடுத்தவன் கன்னத்தில் அடித்துக்கொள்ளப் பழகினார்கள். பெற்றோர் குழுவுக்குத் தலைவராக மரக்கடைக்காரர் வந்தார். மனிதர் எதையும் அடிக்கணக்கில்தான் பார்ப்பார். பள்ளி எத்தனை அடி வளர்ந்திருக்கிறது என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். அவர்தான் வேன் வாங்கிக் கொடுத்தார்.

வேன் வந்த அன்றே அக்கா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வண்டி எதுவரைக்கும் வரும் என்றாள். கேட்டைத் தாண்டாது என்றேன். சத்தியம் பண்ணச் சொன்னாள். பண்ணினேன். என் மனைவி சாட்சி.

சத்தியத்தை நான் மீறவில்லை. வேன்தான் மீறியது. டிரைவருக்கு ஜெட் என்று பட்டப்பெயர். சைக்கிள்காரர்கள் மணியடித்து அவரை முந்திப் போவதால் வந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம் எப்போதும் லாரிகள் நிற்பதால் வண்டியைத் திருப்ப இடமில்லை, அந்தப் பக்கம் போய்த் திருப்பிக்கொண்டு வருகிறேன் என்றார். திருப்புவதற்குத்தானே என்று விட்டேன். காலியாகத் திரும்பும் வண்டியில் ஒரு அம்மா தன் பெண்ணை ஏற்றிவிட்டாள். அந்தப் பெண்ணின் டையைப் பார்த்து எதிர்வீட்டுப் பையன் அடம்பிடித்தான். எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிக்கொள்வதற்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டுமோ, அவ்வளவு மட்டும் தெரிந்துகொண்டேன். அக்கா பள்ளியின் கரும்பலகை மூலையில் இருந்த எண் வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. அவள் வேனைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. சாப்பிட வா என்று மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். போய் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

ஆக, அக்கா கேட்ட ஆறு பேர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேனில் வரும் அந்த ஆறு பேர்தான். அவளிடம் அரிச்சுவடி படித்தவர்கள்.

சிக்கல் என்னவென்றால், எங்கள் பள்ளியில் இப்போது எண் சொல்லும் முறையெல்லாம் இல்லை. காலையில் ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டும். அந்த மாதச் சராசரியைப் பார்த்துத்தான் மாடிக்கு இன்னொரு ஆசிரியர் தருவார்கள். மரக்கடைக்காரர் வேறு, திறப்பு விழாவுக்கு முன் எண்ணிக்கையில் ஒரு அங்குலம்கூடக் குறையக் கூடாது என்று சொல்லியிருந்தார். என் கணக்கும் குறையக் கூடாது, அக்காவின் கணக்கும் குறையக் கூடாது. யோசித்தேன். முகத்தை இங்கே காட்டிவிட்டு, உடம்பை அங்கே அனுப்பினால் போகிறது. எவ்வளவு எளிய வழி. எனக்கு எதற்குப் பாராட்டு விழா நடத்தினார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கே புரிந்தது.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் ஜெட் வந்து, நாளைக்கு அந்தப் பக்கம் போகணுமா சார் என்று கேட்டார். அந்தப் பக்கத்துச் செய்தி அவருக்கும் எட்டியிருந்தது. நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், எப்பவும்போல என்றேன்.

புதன்கிழமை வேன் எப்பவும்போல வந்தது. ஆறு பேரும் எப்பவும்போல இறங்கினார்கள். படம் பிடிப்பதை அவர்கள் வகுப்புகளில் முதலில் முடிக்கச் சொல்லியிருந்தேன். டையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே இருக்கும் ஒரு பையன் உண்டு. அவன் முகத்தை அந்த போன் முகம் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. டையை எடுத்தால் சிரித்தான். சிரித்தால் கண் மூடிக்கொண்டது. கண் திறந்தால் டை வாய்க்குப் போய்விட்டது. ஒருவழியாக அவனும் ஒரு முகமாகப் பதிவான நேரத்தில் மரக்கடைக்காரர் விழாத் தட்டியின் மாதிரியை எடுத்துக்கொண்டு வந்தார். என் படம் சின்னதாகவும் அவர் படம் பெரிதாகவும் இருந்தது. அவருக்கு அது இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டும். எவ்வளவு பெரிதாக என்று அவர் கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. இதோ கிளம்பிவிட்டோமே என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு முன்னால் எடுத்து என்னவென்று பேசுவது?

ஆறு பேரையும் திரட்டி வேனில் ஏற்றினேன். எங்கே போகிறோம் என்று கேட்டார்கள். ரயில் பார்க்க என்றேன். பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லலாம், பிள்ளைகள் அதைத் தங்களுக்குள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஜெட்டை, இன்றைக்காவது பட்டப்பெயருக்கு ஏற்றபடி ஓட்டும் ஐயா என்று கெஞ்சினேன். ஓட்டினார். ஒரு சைக்கிளை முந்தினோம்.

கேட் மூடியிருந்தது.

சரக்கு ரயில். அது ஓடியது என்று சொல்ல முடியாது, எங்களைக் கடந்துபோவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஜன்னலில் தொங்கி பெட்டிகளை எண்ண ஆரம்பித்தார்கள். ஒருவர் ஒரு எண், அடுத்தவர் அடுத்த எண். எங்கள் பள்ளிக்கு வந்த பிறகு ஒருவரும் அவர்களை அப்படி எண்ணச் சொன்னதில்லை. பழக்கம் போகவில்லை. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் அந்தப் பக்கத்துச் சாலை விட்டுவிட்டுத் தெரிந்தது. ஒரு இடைவெளியில் சாலை காலியாக இருந்தது. அடுத்ததில் காலி. அதற்கடுத்ததில் ஒரு வெள்ளை ஜீப் வந்து நின்றது.

அதிகாரியின் ஜீப். முகப்பு எங்கள் பக்கம் பார்க்க நின்றது. அதாவது, அவர் வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருக்கிறார்.

கடைசிப் பெட்டி போனது. கேட்டைத் தூக்கினார்கள். இரண்டு வண்டிகளும் தண்டவாளத்தின் நடுவில் உரசாத குறையாகச் சந்தித்துக்கொண்டன. அன்றைக்கு எங்கள் பள்ளியில் அசந்துபோன அதே அதிகாரிதான். முடி நரைத்திருந்தது. கண்ணாடியை இறக்கி, உங்கள் அக்கா பள்ளியிலிருந்துதான் வருகிறேன், பதினாலு பேர்தான் இருந்தார்கள், நல்ல டீச்சர், பாவம் என்றார். கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்ததாகவும் சொன்னார். எதற்காகக் காத்திருந்தார் என்று சொல்லவில்லை. வேன் ஜன்னலில் வரிசையாக இருந்த ஆறு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பிள்ளைங்களை எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"ரயில் காட்ட, சார்."

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு, சார்."

"அப்ப சரி" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்தார். எனக்குத் திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் ஜெட்டுக்கு அந்தப் பக்கம் போனால்தான் வண்டியைத் திருப்ப வரும்.

அக்கா பள்ளியின் வாசலில் வேன் நின்றதும், நான் கதவைத் திறப்பதற்கு முன்பே ஆறு பேரும் குதித்து உள்ளே ஓடினார்கள். எங்கள் பள்ளியில் அவர்கள் ஓடி நான் பார்த்ததில்லை. ஓடக் கூடாது என்று சுவரில் எழுதிவைத்திருக்கிறோம். நான் உள்ளே போனபோது ஆறு பேரும் ஆளுக்கொரு பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். டைப் பையன் மட்டும் தன் இடத்தில் இருந்த ஒரு குட்டிப் பெண்ணை நகரச் சொல்லிக்கொண்டிருந்தான். கரும்பலகை மூலையில் பதினாலு என்று எழுதியிருந்தது. அக்கா என்னைப் பார்த்ததும் மேசைமேல் இருந்த துடைப்பானை எடுத்தாள். எடுத்தாளே தவிர, எதையும் துடைக்கவில்லை.

"வாங்க சார்" என்றாள்.

என்னைத்தான் சொல்கிறாள் என்பது புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது. பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிக்கூடப் பார்த்தேன்.

கேட் மூடிவிட்டது, சரக்கு ரயில், நீளமான ரயில் என்றேன். காலையில் படம் பிடித்து முடிக்கத் தாமதமாகிவிட்டது என்றேன். மரக்கடைக்காரர் வந்துவிட்டார் என்றேன். எல்லாமே உண்மை. சொல்லச் சொல்ல எல்லாமே பொய் போல ஒலித்தது.

அக்கா ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினாள். பள்ளி மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காய்ந்துகொண்டிருந்த ஒரு மாடி தெரிந்தது.

"டையை மெல்றானே, அவன் வீடு அது. இந்தப் பொண்ணு வீடு அதுக்குப் பின்னாடி. மிச்சப் பேரும் இந்தத் தெருதான். நீங்க வேனை அனுப்பாம இருந்திருந்தாலே போதும் சார். நடந்தே வந்திருப்பாங்க."

  ஒரு வாரமாக மூளையைக் கசக்கி, முகம் ஓரிடம் உடம்பு ஓரிடம் என்று திட்டம் போட்ட எனக்கு, ஒரு காலை ஒரு வேன் ஓடாமல் இருக்கலாம் என்பது தோன்றவே இல்லை. தோன்றாமல் போனதா, தோன்றவிடாமல் வைத்திருந்தேனா என்று இன்றுவரை நான் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. பதில் தெரிந்துவிடும்.

"முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்" என்றாள் அக்கா. கோபமாகக்கூட இல்லை. "இந்த வீடுங்க எல்லாம் எனக்குத் தெரிஞ்ச வீடுங்கதான். நானே போய்க் கேட்டிருப்பேன். தம்பி பாத்துக்குவான்னு இருந்துட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை அவளே கூப்பிட்டாள், வழக்கம்போல. போனேன். கதவைத் திறந்தவள் உள்ளே பார்த்து அத்தானிடம், "சார் வந்திருக்காரு, தட்டு வைங்க" என்றாள். அத்தான் எந்தச் சார் என்று எட்டிப் பார்த்து, என்னைப் பார்த்து, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விட்டார். குழம்பு இன்னும் போடட்டுமா சார், மோர் ஊத்தட்டுமா சார். நான் திட்டு வாங்கத் தயாராகப் போயிருந்தேன். திட்டு வாங்குவதில் எனக்குச் சிறு வயதிலிருந்தே நல்ல அனுபவம், தலையைக் குனிந்துகொண்டு நகத்தைப் பார்த்தால் போதும். மரியாதை வாங்கிப் பழக்கமில்லை. கூட வந்திருந்த மனைவியோடு வீடு திரும்பினேன். அவள் கிண்டல் செய்யாமல் வந்த முதல் ஞாயிறு அது. வீட்டு வாசலில்தான் வாயைத் திறந்தாள். "போய்க் கால்ல விழுந்துடுங்க." விழுந்தால் "எந்திரிங்க சார்" என்று சொல்லிவிடுவாளே என்றேன்.

உத்தரவு சீக்கிரமே வந்தது. பக்கத்துப் பள்ளி என்பது எங்கள் பள்ளிதான். அக்காவும் அவளுடைய பதினாலு பேரும் எங்களோடு சேர்க்கப்படுகிறார்கள். அக்கா எனக்குக் கீழே ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. மரக்கடைக்காரர் துள்ளிக் குதித்தார். இந்தப் பதினாலோடு பள்ளி முந்நூறைத் தாண்டுகிறதாம். விழாத் தட்டியில் அந்த எண்ணைப் போடச் சொல்லிவிட்டார். அதற்கு இடம் போதாமல் என் படத்தை எடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு எனக்கு நடந்த ஒரே நியாயம் அது.

சாவி ஒப்படைக்க அக்கா என் அறைக்கு வந்தாள். உட்காருங்கக்கா என்றேன். எனக்கும் அந்த வியாதி ஒட்டிக்கொண்டது. அவள் விருந்தாளி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். கையெழுத்துப் போடப் பேனா தேடி நான் இழுப்பறையை வேகமாக இழுத்தேன். இரண்டு தாழ்ப்பாள்களும் சறுக்கி முன்னால் வந்து நின்றன. உறைகூடப் பிரிக்காதவை. அக்கா அவற்றைப் பார்த்தாள். உங்களுக்குத்தான் எடுத்துவைத்தேன் என்று நான் சொல்லியிருந்தால் அதுவும் உண்மைதான்.

"நல்ல தாழ்ப்பாளா இருக்கே சார்" என்றாள்.

பேனா அவளிடமே இருந்தது. திங்கட்கிழமை காலை வேனை உங்கள் வாசலுக்கே அனுப்புகிறேன், இரண்டு தடவையாகக் கூட்டிவந்துவிடலாம் என்றேன். வேண்டாம் சார், நடந்து வருகிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள்.

திங்கட்கிழமை பள்ளி வாசலில் தோரணம் கட்டியிருந்தார்கள். மரக்கடைக்காரர் பூங்கொத்தோடு நின்றார். புதிய பெயர்ப்பலகை பளபளத்தது. கீழே நின்று பார்த்தால் இப்போதும் அது சாய்வாகத்தான் தெரிகிறது. எல்லோரும் என்னைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் ரயில்வே கேட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். போய் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. வாசலில் பூங்கொத்துக்குப் பக்கத்தில் நின்று அவளை வரவேற்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

கேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனதும் அவர்கள் வருவது தெரிந்தது. அக்கா முன்னால். பின்னால் சிறிசிலிருந்து பெரிசுவரை ஒற்றை வரிசை, ஒவ்வொருவர் கையும் முன்னால் போகிறவர் தோளில். கடைசியில் வந்த பையன் பள்ளியின் பித்தளை மணியைத் துணியில் சுற்றி, குழந்தையைப்போல் தூக்கிக்கொண்டு வந்தான். அன்றைக்கு அந்தப் பக்கமும் ஒரு லாரி நின்றது, நான் அதற்குப் பின்னால் ஒதுங்கினேன். ஒரு தலைமையாசிரியன் லாரிக்குப் பின்னால் ஒளிவதைக் கிளீனர் ஒருவர் டீ குடித்தபடி ஆர்வமாகப் பார்த்தார்.

கேட் மூடிக்கொண்டது. வரிசை நின்றது. அந்த ஆறு பேரை ஏற்றிக்கொண்டு வந்த வேனும் அவர்கள் பக்கத்தில் வந்து நின்றது. பயணிகள் ரயில் ஒன்று தடதடவென்று போனது. அதற்குள் வேனின் கதவு திறந்து, டைப் பையன் குதித்து வரிசையின் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டான். அவன் பின்னால் மற்ற ஐந்து பேரும். ஜெட் என்னைப் பார்த்துவிட்டார். என்ன செய்வது என்று புருவத்தை உயர்த்தினார். விடுங்கள் என்று கையைக் காட்டினேன்.

கேட் திறந்தது. தண்டவாளத்தைத் தாண்டுவதற்கு முன் எண்ணுவது அக்காவின் வழக்கம். அவள் திரும்பாமல், நேராகப் பார்த்தபடியே, "ம்" என்றாள்.

"ஒண்ணு" என்றது முதல் குட்டி. ரெண்டு, மூணு என்று எண் பின்னால் நகர்ந்து வந்தது. மணியை வைத்திருந்தவன் பதினாலு என்றான். அதோடு முடிந்துவிடும் என்று அக்கா அடியெடுத்து வைத்தாள். "பதினஞ்சு" என்றான் டைப் பையன், டையை வாயிலிருந்து எடுக்காமலே. அக்காவின் கால் நின்றது. பதினாறு. பதினேழு. ஒவ்வொரு எண்ணுக்கும் அவள் தோள் கொஞ்சம் இறங்குவதுபோல் எனக்குத் தெரிந்தது. பத்தொன்பது. "இருபது" என்று முடித்தாள் கடைசிப் பெண், உரக்க.

இருபது. எண்ணுவதற்குத்தான் யாரும் இல்லை. ஜீப் இல்லை. சாலையில் ஒரு கிளீனரும் அவர் டீயும் நானும்தான். அக்கா திரும்பவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வையாகவும் இருக்கலாம், வெயில் வந்துவிட்டது.

நான் லாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். எதைச் சொல்லலாம் என்று ஒரு மாதமாக ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எல்லாம் இருந்தன. அவற்றை லாரிக்குப் பின்னாலேயே விட்டுவிட்டேன். கடைசிப் பெண்ணுக்குப் பின்னால் போய் நின்றேன். அவள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உங்க நம்பரைச் சொல்லுங்க சார் என்று ரகசியமாகச் சொன்னாள்.

"இருபத்தொண்ணு" என்றேன்.

என் குரல் அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

 கேட்காரர் சீக்கிரம் தாண்டுங்கள் என்று கொடியை ஆட்டினார்.

"யாருடா அது பின்னாடி" என்றாள் அக்கா, திரும்பாமலே. "வரிசையில ஒழுங்கா நில்லு."

அவள் எல்லாப் பிள்ளைகளிடமும் அப்படித்தான் பேசுவாள். தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. முன்னால் நின்ற பெண்ணின் தோளில் கையை வைத்துக்கொண்டு, ஒழுங்காக நின்றேன்.